ஆளுக்கு ஒரு வெள்ளி

பல்கலைக்கழகங்களில் தமிழ் மாணவர்கள் நடத்தும் விழாக்களைப் பற்றி நம்மிடம் ஒரு நிரந்தரப் புகார் உண்டு. பொங்கல் என்றால் வளாகப் புல்வெளியில் நாலு பானை, உறியடி, கோலப் போட்டி. கலை இரவு என்றால் சினிமாப் பாட்டுக்கு ஆட்டம். முடிந்ததும் படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடுகிறார்கள், சமூகத்துக்கு இதனால் என்ன பயன் என்பார்கள். மலாக்காவில் ஓர் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த நான்கு ஆண்டும் இதைக் கேட்டுக்கொண்டேதான் நாற்காலி அடுக்கினேன். புகாரில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இந்த நாட்டில் பல்கலைக்கழகத்துக்குள் தமிழ் யார் காசில் நுழைந்தது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு, எனக்கு அந்தப் புகார் வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. அங்கே இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு வந்தபோது, எந்த மொழியை அடிப்படையாக வைப்பது என்ற கேள்வி எழுந்தது. சமஸ்கிருதம் என்ற யோசனையும் முன்வைக்கப்பட்டது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி அதை எதிர்த்து எழுதினார். இங்குள்ள இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்கள் மொழிதான் வேண்டும் என்றார். எழுதியதோடு நிற்கவில்லை. துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்க 1950களின் நடுவில் 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. துறை 1956-இல் தொடங்கியது, பிறகு கோலாலம்பூருக்கு வந்தது. 1961-இல் தனிநாயகம் அடிகள் அதற்குத் தலைமையேற்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்ததும் அவர் முயற்சியால்தான். மாநாட்டைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். என் மனம் அந்த ஒரு வெள்ளியிலேயே நிற்கிறது.

கொடுத்தவர்களில் வணிகரும் ஆசிரியரும் இருந்தார்கள். தோட்டத் தொழிலாளிகளும் இருந்தார்கள். அவசரகாலம் இன்னும் முடியாத காலம் அது. முள்வேலிக்குள் லயம், ராத்திரியானால் ஊரடங்கு. விடியுமுன் பெரட்டில் பெயர் கொடுத்து, மரம் வெட்டி, பால் தூக்கி வாங்குகிற கூலியில் ஒரு வெள்ளி சின்னத் தொகையில்லை. அவர்கள் பிள்ளைகள் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போக வழியும் இல்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் ஒரு பள்ளி வைக்க வேண்டும். வைத்தார்கள், சில இடங்களில் ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார். தொடக்கப் பள்ளியோடு தமிழ் முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க டவுனுக்குப் போய் ஆங்கிலப் பள்ளியில் சேர வேண்டும், சம்பளம் கட்ட வேண்டும். ஜாசின் பக்கம் பால் வெட்டிய என் பாட்டியிடம் ஒரு முறை இதைப் பேசினேன். "யுனிவர்சிட்டியா? அதெல்லாம் தொரைமாரு புள்ளைங்க படிக்கிற எடம்ல" என்றார். தன் பிள்ளை கால் வைக்கப்போவதில்லை என்று தெரிந்த ஓர் இடத்துக்கு ஒருவர் ஏன் காசு கொடுக்கிறார்? நன்கொடை என்ற சொல்லுக்குள் இது அடங்குவதாக எனக்குத் தோன்றவில்லை.

மலாக்காக்காரனுக்கு இதில் தனிக் கணக்கும் உண்டு. மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் முதலில் நடப்பட்டது இங்கேதான். 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். மரவள்ளி போட்டுக்கொண்டிருந்த மாநிலம் அதன்பிறகு ரப்பர்க் காடாக மாறியது, ஆள் தேவைப்பட்டது, நாம் வந்தோம்.

இன்று புல்வெளியில் வைக்கும் பொங்கலுக்கும் இதே மனிதர் வழியாக ஒரு வம்சாவளி இருக்கிறது. சாதிவாரியாகவும் கோயில்வாரியாகவும் பிரிந்து கிடந்தவர்களை ஒரே மேடையில் சேர்க்க, சாரங்கபாணி 1952-இல் பொங்கலைத் 'தமிழர் திருநாள்' ஆக்கினார். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, நாடகம், விளையாட்டு எல்லாம் அதில் இருந்தன. உறியடியைக் கேலி செய்கிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

பிறகு ஏன் வளாகம் தனக்குள்ளேயே சுருங்கியது? 1974 இறுதியில் ரப்பர் விலை விழுந்து, கெடாவின் பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களுக்காகக் கோலாலம்பூரில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 1971-இல் வந்த பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் 1975-இல் இறுக்கப்பட்டது. மாணவர் அமைப்புகள் கட்சிகளோடும் தொழிற்சங்கங்களோடும் உறவு வைக்கக் கூடாது என்றானது. 15A பிரிவு, மாணவர்கள் யாரிடமும் பணம் திரட்டுவதைத் தடை செய்தது. சாரங்கபாணி மாணவர் இல்லை, அவரை அந்தப் பிரிவு தடுத்திருக்காது. ஆனால் அவர் தொடங்கியதை அடுத்துத் தூக்க வேண்டிய கைகள் மாணவர் கைகள்தான். தோட்டத்து வெள்ளியால் உள்ளே வந்த தமிழ், தோட்டத்துக்குத் திரும்பிப் போக அனுமதிக் கடிதம் கேட்க வேண்டியதாயிற்று. பின்னால் வந்த திருத்தங்கள் நிறையத் தளர்த்திவிட்டன. பழக்கம் மட்டும் அவ்வளவு சீக்கிரம் தளரவில்லை.

எல்லாவற்றையும் சட்டத்தின் தலையில் போடவும் முடியாது. திரும்பிப் போகத் தோட்டம் எங்கே இருக்கிறது? மலாக்காவில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, ஆட்கள் ஆயர் குரோ தொழிற்சாலைகளுக்கும் தாமானுக்கும் வந்துவிட்டார்கள். 'லாடாங்' என்பது சில தமிழ்ப் பள்ளிகளின் பெயர்ப் பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாங்கள் ஒரு முறை அப்படி ஒரு பள்ளித் திடலில் பொங்கல் வைக்கலாம் என்று பேசினோம். பேருந்துச் செலவு, கடிதம், கையொப்பம் என்று இழுத்து மார்ச் வந்துவிட்டது. வழக்கம்போலப் புல்வெளியிலேயே முடித்துக்கொண்டிருந்தோம்.

வேலியைத் தாண்டிய ஒரு நிகழ்ச்சி உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1986-இல் சிறுகதைப் போட்டி ஒன்றைத் தொடங்கியது. பரிசுக் கதைகள் 'பேரவைக் கதைகள்' என்று நூலாயின. மாணவர் பிரிவோடு பொதுப் பிரிவும் வைத்தார்கள், அதனால் வெளியில் இருந்தவர்களும் எழுதினார்கள். மலேசியத் தமிழ்ச் சிறுகதையைப் பற்றிப் பேசுகிற எவரும் அந்தத் தொகுப்புகளைத் தொடாமல் போக முடியாது. கலை இரவுகளின் படங்கள் எந்தக் கைப்பேசியில் இருக்கின்றனவோ, இவை நூலக அலமாரியில் இருக்கின்றன. பொதுப் பிரிவுக்குக் கதை அனுப்ப மாணவர் அட்டை தேவைப்படவில்லை.