கொசுவைத் துரத்திய ஆறு மாதங்கள்

நிப்பா என்றதும் மாணவர்கள் பலர் 'கேரளா, 2018' என்றுதான் எழுதுகிறார்கள். அந்தப் பெயரே நம் நாட்டு ஊர்ப் பெயர்ங்க! நெகிரி செம்பிலானில் இருக்கிறது சுங்கை நிப்பா.

1998 செப்டம்பரில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைக்காரர்கள் காய்ச்சலும் மயக்கமுமாகப் படுத்தார்கள். கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டினார்கள். அதற்கும் காரணம் இருந்தது. அந்தக் கிருமியும் பன்றியில் பெருகும். சில நோயாளிகளின் இரத்தத்தில் அதன் தடயமும் கிடைத்தது. புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை.

இங்கே கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. கொசு ஆள் பார்த்தா கடிக்கும்? ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளே இருமி இருமிச் செத்தன. இதற்கிடையில் விற்ற பன்றிகளோடு நோய் புக்கிட் பெலாண்டோக் வரை போய்விட்டது.

1999 மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சுவா காவ் பிங் புதுக் கிருமியைப் பிரித்தெடுத்தார். அதற்குள் எவ்வளவு இழப்பு! மொத்தம் 265 பேருக்கு நோய். 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

கிருமியின் சொந்த வீடு எது? நம் ஜொகூர் மெர்சிங்கில் படகேறிப் போவோமே, அந்தத் தியோமான் தீவில் தேடினார்கள். பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரத்தடியில் பிளாஸ்டிக் விரித்துச் சிறுநீரைச் சேர்த்தார்கள். அதிலும், வௌவால் கடித்துப் போட்ட பழத்திலும் நிப்பா கிடைத்தது. கூடவே கிடைத்த இன்னொரு கிருமிக்குத் தியோமான் என்றே பெயர்.

அப்படியானால் பூச்சிக்குப் பங்கே இல்லையா? நிப்பாவில் இல்லை. ஆனால் வௌவாலின் மயிருக்குள்ளேயே வாழும் ஒரு வகை ஈ உண்டு. இறக்கை கிடையாது, பார்க்கச் சிலந்தி மாதிரி இருக்கும், வௌவாலின் இரத்தம்தான் உணவு. உகாண்டாவில் இத்தகைய ஈக்களில் கன்யாவாரா என்ற கிருமி இருப்பதை 2017இல் அறிவித்தார்கள். நம் நாட்டிலும் 1966இல் வௌவால் உண்ணியிலிருந்து கெத்தேரே கிருமி எடுக்கப்பட்டது. (உண்ணிக்கு எட்டுக் கால், பூச்சி என்று எழுதிவிடாதீர்கள்.)

'பூச்சிக்குள் கிருமி இருந்தது' என்பது வேறு, 'பூச்சி மனிதருக்குப் பரப்பியது' என்பது வேறு. 1998இல் நோயாளியின் இரத்தத்தில் கிடைத்த தடயத்தை வைத்தே கொசுவைக் குற்றவாளி ஆக்கினார்கள். கன்யாவாராவைப் பொறுத்தவரை முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.