நம்ம கைக்கு ஆயிரம் ரூபாய் வந்த வரலாறு

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கூட்டமைப்புத் தலைவி அக்கா கேட்டபோது, பத்தாவது படித்த எனக்கு என்ன வரலாறு தெரியும் என்றேன். "மாசா மாசம் 15-ஆம் தேதி போனைப் பார்த்துக்கிட்டே இருக்கோமே, அதுவும் வரலாறுதான். அதை எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று நம் காஞ்சிபுரத்தில்தான் தொடங்கியது. முதலமைச்சர் ஸ்டாலின் பச்சையப்பன் கல்லூரி மைதானத்தில் ஏ.டி.எம். கார்டு கொடுத்துத் தொடங்கி வைத்தார். பலருக்கு முதல் நாளே பணம் ஏறிவிட்டது. எங்கள் தெருவில் 14-ஆம் தேதி சாயந்திரம் ஒரு போன் டிங் என்றது, அடுத்து இன்னொன்று. குழாயடியில் குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினவர்கள் உண்டு, நானும் ஓடினேன்.

மொத்தம் 1 கோடியே 63 லட்சம் பேர் மனு போட்டார்கள். முதலில் கிடைத்தது சுமார் 1 கோடியே 6 லட்சம் பேருக்கு. மீதிப் பேரின் கதையைக் கீழே சொல்கிறேன்.

இந்தப் பணம் ஒரே நாளில் வானத்திலிருந்து விழவில்லை. உழைக்கிற குடும்பத்துக்குக் கூலி பத்தாது, அரசு கொஞ்சம் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்கிற எண்ணம் நம்ம நாட்டில் சோற்றில் தொடங்கியது. நூறு வருசத்துக்கு முன்பு நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்கு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு போட்டார்கள். 1956-இல் காமராஜர் அதை மற்ற ஊர்ப் பள்ளிகளுக்கும் கொண்டுபோனார். 1982 ஜூலை 1-ஆம் தேதி திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. நான் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவள். பிள்ளைக்கு மதியம் சோறு உண்டு என்று தெரிந்தால்தான் அம்மா நிம்மதியாகக் களை எடுக்கப் போக முடியும். அது பிள்ளைக்குச் சோறு மட்டுமில்லை, அம்மாவுக்கு ஒரு நாள் கூலியும்கூட.

இப்போது காலைச் சாப்பாடும் வந்துவிட்டது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, அடுத்த வருசம் ஆகஸ்ட் 25 முதல் அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. சமைப்பது நம்ம குழுப் பெண்கள். காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் விடியும் முன்னே வந்து ஆரன் அடிக்கிற நம்ம ஊர்ப் பக்கத்தில் அந்த ரவை உப்புமாவின் அருமை தாய்மார்களுக்குத்தான் தெரியும்.

ரொக்கமாகப் பெண்கள் கையில் கொடுத்ததில் முக்கியமானது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள மகப்பேறு உதவி. கூலிக்குப் போகிற பெண் பிரசவ நேரத்தில் வேலையை விட்டு வீட்டில் இருந்தால் அந்தக் கூலியை யார் தருவது என்ற கேள்விக்குப் பதில்தான் அந்தத் திட்டம். முதலில் 300 ரூபாய்தான். 2006-இல் 6,000, 2011-இல் 12,000, பிறகு 18,000 ஆனது. ரேஷன் அரிசி 2008-இல் கிலோ ஒரு ரூபாய், 2011-இல் இலவசம். 2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றார்கள். இதெல்லாம் சம்பளத்தோடு சேர்கிற மறைமுகச் சம்பளம். குழுவில் கணக்கு எழுதப் பழகியவர்கள் ஒரு மாதம் எழுதிப் பாருங்கள்.

பயிற்சிக்கு வந்த மேடம் ஒரு கதை சொன்னார். இங்கிலாந்தில் எலினார் ராத்போன் என்று ஒரு அம்மா. வீட்டில் பிள்ளை வளர்ப்பதும் உழைப்புதான், அதற்கு அரசு பணம் தர வேண்டும், அதுவும் தாய் கையில் தர வேண்டும் என்று முப்பது வருசத்துக்குக் கிட்டப் போராடினார். 1945-இல் சட்டம் வந்தபோது பணத்தைத் தகப்பன் பெயரில் தருவதாகத்தான் முதலில் எழுதியிருந்தார்கள். விடாமல் சண்டை போட்டுத் தாய்க்கே என்று மாற்ற வைத்தார். வாரம் 5 ஷில்லிங், இரண்டாவது பிள்ளையிலிருந்து. 1946 ஆகஸ்டில் தாய்மார்கள் போஸ்ட் ஆபீசில் வரிசையில் நின்று வாங்கினார்கள். பார்க்கத்தான் அந்த அம்மா இல்லை, அந்த ஜனவரியிலேயே இறந்துவிட்டார்.

அந்த நாட்டுத் தொழிற்சங்கக்காரர்கள் பலர் முதலில் எதிர்த்தார்களாம். அரசு பணம் கொடுத்தால் முதலாளி சம்பளத்தை ஏற்ற மாட்டான் என்று பயம். இது நம்ம ஊர் டீக்கடையிலும் கேட்கிற பேச்சுதான். என் வீட்டுக்காரர் காண்ட்ராக்டில் வேலை பார்க்கிறார், அவரும் சொல்வார். எனக்கு அது பாதி சரி என்று படுகிறது. ஆனால் சம்பளம் ஏறும் வரை ஆயிரம் ரூபாய் வேண்டாம் என்று சொல்ல அவர்கள் யார்? பால்காரருக்குப் பதில் சொல்வது நாம்தானே.

"உதவி" என்று சொல்லாமல் "உரிமை" என்று பெயர் வைத்ததை நான் பெரிதாக நினைக்கிறேன். அதற்காகவே விதிகள் இன்னும் கொஞ்சம் நம்ம வாழ்க்கையைப் பார்த்துப் போட்டிருக்கலாம். வயது 21 முடிந்திருக்க வேண்டும், ஒரு கார்டுக்கு ஒரு பெண், வருட வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், கரண்ட் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள், கார் கூடாது.

எங்கள் குழு அக்கா ஒருவருக்கு அந்த 3,600 யூனிட்தான் வினையாக வந்தது. குழுக் கடன் வாங்கி வீட்டுக்குப் பின்னால் சீட்டு போட்ட நாலு ரூம் கட்டி, கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் ஒரே மீட்டர். இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் தாண்டக் கூடாது. ஆனால் ஒருத்தன் பகல் ஷிப்டு, ஒருத்தன் நைட் ஷிப்டு. அந்த ரூம்களில் ஃபேன் நின்ற நேரமே கிடையாது. "தகுதி இல்லை" என்று மெசேஜ் வந்தது. ஒரு மாதத்துக்குள் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று இருந்ததால், நானும் அவரும் இ-சேவை மையத்துக்கு இரண்டு தடவை நடந்து மனு போட்டோம். பழைய பில்லைத்தான் பார்ப்போம் என்றார்கள். ஆகவில்லை. பிறகு கைக்காசு செலவழித்துத் தனி மீட்டர் வாங்கினார்.

இன்னொரு தங்கைக்கு மாமியார் முதியோர் பென்ஷன் வாங்குகிறார் என்பதால் முதல் முகாமில் மனுவையே வாங்கவில்லை. பென்ஷன் வாங்குகிறவர் வீட்டில் வேறு பெண் இருந்தால் மனு போடலாம் என்று ஆகஸ்டில் விதியைத் தளர்த்தி, 18, 19, 20 தேதிகளில் தனி முகாம் வைத்தார்கள். அதில் போட்டு அவருக்குக் கிடைத்துவிட்டது. மாமியார்தான் பேப்பர் செய்தியைக் கேட்டுவிட்டு வந்து, "போய் எழுதிக் குடுடி" என்று துரத்தினாராம்.

வெளி மாவட்டத்திலிருந்து வந்து இங்கே வாடகைக்கு இருப்பவர்கள் கார்டு இருக்கும் ஊருக்குப் போய்த்தான் மனு கொடுக்க வேண்டியிருந்தது. என் பக்கத்து வீட்டுப் பெண் அதற்காக இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு விழுப்புரம் பக்கம் போய் வந்தாள்.

முதல் மாதம் சிலருக்குப் பணம் ஏறின வேகத்தில் பேங்கில் மினிமம் பேலன்ஸ் என்று பிடித்துக்கொண்டார்கள். எங்கள் குழுவில் இரண்டு பேருக்குப் போனது. அப்படிப் பிடிக்கக் கூடாது என்று நிதியமைச்சரே சொன்ன பிறகு, ஊக்குநர் அக்காவோடு போய்க் கேட்டோம். ஒருவருக்குத் திரும்ப வந்தது.

எங்கள் குழுவில் மாதச் சேமிப்பு 100 ரூபாயாக இருந்தது. அந்த நவம்பரில் 200 ஆக்கித் தீர்மானம் எழுதினோம். பணம் வராத மூன்று பேர் மட்டும் பழையபடி 100 கட்டட்டும் என்று நான் சொன்னேன். "எங்களை மட்டும் ஏன் தனியா வைக்கிறீங்க?" என்று மூன்று பேரும் 200-ஐயே எடுத்து வைத்தார்கள். நாலு ரூம் அக்காவும் அதில் ஒருவர். 2025-இல் நடந்த உங்களுடன் ஸ்டாலின் முகாமில் புது மீட்டர் பில்லோடு மறுபடியும் மனு கொடுத்திருக்கிறார். ரசீதை என் பீரோவில்தான் வைத்திருக்கிறேன்.