நாடாவில் ஒலித்த ஒரு சொல்

போருக்குப் பிந்திய ஜப்பானில் ஒலிநாடா ஒரு புதிய இசைக்கருவியாயிற்று. பாரிசில் பயின்று திரும்பிய தொஷிரோ மயுசுமி, பதிவு செய்த ஓசைகளை வெட்டி இணைத்து 1953இல் ‘எக்ஸ், ஒய், இசட்’ என்னும் படைப்பை அமைத்தார். செர்மனியின் கொலோன் வானொலியை முன்மாதிரியாகக் கொண்டு, 1955இல் என்எச்கே நிறுவனம் தோக்கியோவில் மின்னணு இசைக்கூடம் ஒன்றை நிறுவியது. அங்கே மின்கருவி எழுப்பிய தூய அலைகளே இசைக்கு மூலப்பொருளாயின.

மொழி பயில்வோர்க்கு இவற்றினும் நெருக்கமானது, தோரு தாக்கேமிட்சு 1956இல் படைத்த ‘வோக்கலிசம் ஏ.ஐ.’. ஜப்பானிய மொழியில் ‘அஇ’ என்பது அன்பைக் குறிக்கும் சொல். ஆண்குரலும் பெண்குரலும் பலவாறு ஒலித்த அவ்வொரு சொல்லே நாடாவில் இசையாக விரிந்தது.

அகரமும் இகரமும் கூடி ஐகாரம்போல் ஒலிக்கும் என்பது நம் இலக்கண மரபு. ஜப்பானிய மொழியிலோ அவை தனித்தனி மாத்திரை பெற்று நிற்கும். அவ்விரண்டு உயிர்களுக்குள் தாக்கேமிட்சு ஒரு முழு நாடகத்தையே கண்டார்.

அகராதி ஒரு சொல்லுக்குப் பொருள் தரும். அச்சொல் கெஞ்சுகிறதா, அதட்டுகிறதா என்பதைக் குரலே உணர்த்தும். எழுத்தை மட்டும் கற்பித்து ஒலியைக் கைவிடும் வகுப்பறை, மொழியின் பாதியையே மாணவர்க்கு வழங்குகிறது.