பீரங்கி எட்டும் தொலைவு

1906 பிப்ரவரி 10-ஆம் நாள் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் நீரில் இறங்கிய ‘டிரெட்நாட்’, அதுவரை உலகக் கடற்படைகளிடம் இருந்த பெரும் போர்க்கப்பல்கள் அனைத்தையும் பழசாக்கியது. 12 அங்குல வாய் கொண்ட பத்துப் பீரங்கிகள், நீராவி டர்பைன், 21 நாட் வேகம். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த ரகக் கப்பல்களின் எண்ணிக்கையே ஒரு கடற்படையின் பலத்துக்கு அளவுகோல். தொலைவில் நின்று அடிப்பது, திருப்பி அடி விழுந்தால் கவசத்தால் தாங்குவது என்ற இரண்டே விதிகளில் அவற்றின் வடிவமைப்பு அடங்கிவிடும்.

இரண்டாவது விதி கடைசி வரை ஓரளவு செல்லுபடியானது. முதல் விதியைத்தான் விமானம் உடைத்தது. 1940 நவம்பரில் இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்தில் 21 பிரிட்டிஷ் விமானங்கள் மூன்று பெரும் போர்க்கப்பல்களை முடக்கின. 1941 டிசம்பர் 7-இல் அமெரிக்காவின் பேர்ல் ஹார்பரை ஜப்பானிய விமானங்கள் தாக்கின. இரண்டும் நங்கூரமிட்டு நின்ற கப்பல்களின் கதை என்று சொல்லித் தேற்றிக்கொள்ள முடிந்தது. மூன்றே நாளில் அந்தத் தேறுதலும் போயிற்று. மலாயாவின் குவாந்தான் கரைக்கு அப்பால், நடுக்கடலில் ஓடியபடியே சுட்டுக்கொண்டிருந்த பிரிட்டனின் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ இரண்டையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 840 பேர் மாண்டனர்.

இதன் அதிர்வு இலங்கைக்கும் வந்தது. 1942 ஏப்ரலில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுடன் ஜப்பானியப் படை தீவை நெருங்கியபோது, பிரிட்டிஷ் அட்மிரல் சோமர்வில்லிடம் ஐந்து பெரும் போர்க்கப்பல்கள் இருந்தன. எல்லாமே முதல் உலகப் போர்க் காலத்தவை, அவற்றில் நான்குக்கு வேகம் போதாது. ஏப்ரல் 5-இல் கொழும்பும் 9-இல் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. வேகம் குறைந்த அந்த நான்கையும் அவர் கிழக்கு ஆப்பிரிக்காவின் கிலிந்தினி துறைக்கு அனுப்பிவிட்டார். அந்த நிலையில் அதைவிடச் சரியான முடிவு வேறு இருந்திருக்காது.

போர்க்கப்பல்களில் பொருத்தப்பட்டவற்றிலேயே மிகப் பெரிய பீரங்கிகளான 46 செ.மீ. குழாய்களைச் சுமந்த ஜப்பானின் ‘யமாட்டோ’வின் குண்டு சுமார் 42 கி.மீ. போகும். அதை மூழ்கடித்த அமெரிக்க விமானங்களோ பல நூறு கி.மீ. தாண்டி வந்தவை. 1945 ஏப்ரல் 7-இல் அது மூழ்கியபோது எதிரியின் ஒரு கப்பல்கூட அதன் பீரங்கிக்கு எட்டும் தொலைவில் இல்லை.

ஆனால் கரையைத் தாக்கும் வேலை மிச்சம் இருந்தது. நார்மண்டியில் ஜெர்மானியர் உள்நாட்டுக்குள் பின்வாங்கியபோது, 1914-இல் பணியில் சேர்ந்த அமெரிக்காவின் ‘டெக்சாஸ்’ கப்பலின் பீரங்கி முனை வேண்டிய அளவு உயரவில்லை. மாலுமிகள் கப்பலின் ஒரு பக்க அறைகளில் வேண்டுமென்றே கடல்நீரை நிரப்பினர். கப்பல் சாய்ந்தது, மறுபக்கம் நோக்கிய குழாய்கள் நிமிர்ந்தன, குண்டு இன்னும் கொஞ்சம் தூரம் போனது.

இந்த வேலைக்காகவே அமெரிக்கா ‘அயோவா’, ‘நியூ ஜெர்சி’, ‘மிசூரி’, ‘விஸ்கான்சின்’ என்ற நான்கையும் போருக்குப் பின்னும் கைவிடவில்லை. ஒவ்வொன்றிலும் 16 அங்குலப் பீரங்கிகள் ஒன்பது. கவசம் துளைக்கும் குண்டு ஒன்றின் எடை சுமார் 1,225 கிலோ. முதலில் குண்டை வேகமாக உள்ளே தள்ள வேண்டும். பிறகு, பட்டுத்துணியில் கட்டிய, தலா 50 கிலோ அளவிலான ஆறு வெடிமருந்துப் பைகளை மெதுவாக. மூன்று குழாய் கொண்ட ஒரு பீரங்கிக் கூண்டை இயக்க எண்பது பேர் அளவில் தேவைப்பட்டனர். குண்டு 38 கி.மீ. வரை போகும்.

கொரியாவுக்கு நான்கும் போயின. வியட்நாமுக்கு ‘நியூ ஜெர்சி’ மட்டும். 1980-களில் ரேகன் அரசு நான்கையும் மறுபடி கடலுக்கு அனுப்பி, ஒவ்வொன்றிலும் 32 டொமஹாக் ஏவுகணைகளைப் பொருத்தியது. 1984 பிப்ரவரி 8-இல் லெபனான் மலைகள்மீது ‘நியூ ஜெர்சி’ ஏறத்தாழ 300 குண்டுகள் பொழிந்தது. குறி சரியில்லை என்ற புகார் எழுந்தது. பல பத்தாண்டுகள் பழைய வெடிமருந்தைக் கலந்து கட்டியதே காரணம் என்று பின்னர் பேசப்பட்டது. 1989 ஏப்ரல் 19-இல் ‘அயோவா’வின் இரண்டாம் கூண்டு வெடித்து 47 பேர் இறந்தனர். கடற்படை முதலில் ஒரு மாலுமிமேல் பழி போட்டது. பைகளை அளவுக்கு மீறிய வேகத்தில் தள்ளினாலே தீப்பற்றலாம் என்று சாண்டியா ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டிய பிறகு, அந்தப் பழியைத் திரும்பப் பெற்று மாலுமியின் குடும்பத்திடம் வருத்தம் தெரிவித்தது.

இக்கப்பல்களின் கடைசிப் போர் 1991 வளைகுடாப் போர். குறிபார்த்துச் சொல்ல ‘பயனியர்’ ரக ட்ரோன்களைக் கப்பலிலிருந்தே பறக்கவிட்டனர். குவைத்தின் ஃபைலகா தீவில் ‘விஸ்கான்சின்’ அனுப்பிய ட்ரோன் தலைக்கு மேல் வந்ததும், அடுத்து வருவது என்ன என்று அறிந்த இராக்கிய வீரர்கள் அதை நோக்கி வெள்ளைத் துணி அசைத்துச் சரணடைந்தனர். பிப்ரவரி 25-இல் ‘மிசூரி’யை நோக்கி வந்த ஏவுகணையைச் சுட்டு வீழ்த்தியது பிரிட்டனின் ‘குளூஸ்டர்’ என்ற நாசகாரிக் கப்பல்.

பெரும் போர்க்கப்பல்களின் ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டுவது 30 செ.மீ. தடித்த பக்கக் கவசத்தை. இன்றைய ஏவுகணைகள் பல அதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல என்பது அவர்கள் வாதம். அது பொய்யல்ல. ஆனால் ராடாருக்கும் ஆன்டெனாவுக்கும் கவசம் கிடையாது. அவை போனால் நவீனப் போரில் கப்பல் குருடு. அடிவயிற்றுக்குக் கீழே வெடிக்கும் டார்பிடோவுக்குப் பக்கக் கவசம் பொருட்டே இல்லை. கணக்கும் எதிராகவே இருந்தது. இந்தக் கப்பலுக்கு 1,500 பேர் வேண்டும். 1991-இல் வந்த ‘ஆர்லி பர்க்’ நாசகாரியோ சுமார் 300 பேருடன் தொண்ணூறு ஏவுகணை அறைகளைச் சுமந்தது. ‘மிசூரி’ 1992 மார்ச்சில் ஓய்வுபெற்றது. கரையிறங்கும் படைக்குப் பீரங்கித் துணை வேண்டும் என்று காங்கிரஸில் எழுந்த குரலால் இரண்டு கப்பல்கள் 2006 வரை பட்டியலில் நீடித்தன. இன்று நான்குமே அருங்காட்சியகங்கள்.

அந்தத் துணையை ‘சம்வால்ட்’ ரகக் கப்பல்களின் 155 மி.மீ. பீரங்கிகள் தரும் என்று திட்டமிட்டனர். 32 கப்பல்கள் என்று தொடங்கிய திட்டம் மூன்றாகச் சுருங்கியதும் தனிக் குண்டு ஒன்றின் விலை 8 லட்சம் டாலர் அளவுக்கு ஏறியது. குண்டு வாங்கும் திட்டம் கைவிடப்பட்டது. சுடக் குண்டில்லாத அந்தப் பீரங்கிகளைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் ஹைப்பர்சானிக் ஏவுகணைகளுக்கான குழாய்களைப் பொருத்தும் வேலையை அமெரிக்கக் கடற்படை தொடங்கியது.