மூச்சும் மாத்திரையும்: தமிழில் யோகத்தின் தடம்

ஒரு சொல்லின் வரலாற்றைத் தேடப் புகுந்தால், அதைக் கையாண்ட மக்களின் வரலாறும் உடன் வந்து சேரும். ‘யோகம்’ அத்தகைய சொல். வடமொழியில் ‘யுஜ்’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த இச்சொல்லுக்குப் பூட்டுதல், இணைத்தல் என்பன பொருள். ஆங்கிலத்தில் நுகத்தடியைக் குறிக்கும் ‘யோக்’ என்னும் சொல்லும் இதே தொல்மூலத்தைச் சேர்ந்தது. எருதை நுகத்தில் பூட்டும் வினையே, அலையும் மனத்தை ஒருநிலைப்படுத்தும் பயிற்சிக்கும் பெயர் தந்தது.

தமிழில் இச்சொல் இரு வழிகளில் நடந்தது. சோதிடத்தின் வழியே கோள்களின் சேர்க்கையைக் குறித்து, பின்னர் நற்பேறு என்னும் பொருளையும் பெற்றது. ‘அவருக்கு யோகம் அடித்தது’ என்று இன்றும் பேசுகிறோம். சமய நூல்களின் வழியே பயிற்சியைக் குறித்தது. இன்று மாணவர் நாவில் வழங்கும் ‘யோகா’ மூன்றாவது வரவு. இவ்வகை வடசொற்கள் தமிழில் புகும்போது தியானம், ஆசனம் என்பன போல ‘அம்’ ஈறு பெறுவது வழக்கம். ‘யோகா’ என்னும் நெடில் ஈறு, அச்சொல் ஆங்கில எழுத்தின் வழியே சுற்றி வந்ததைக் காட்டிக்கொடுக்கிறது. நம் வீட்டிலிருந்த சொல் அயலார் உடையில் திரும்பியதால், பொருளும் அயலாருடையதே என்று இளையோர் எண்ணிவிடுகின்றனர்.

உண்மை வேறு. பத்தாம் திருமுறையாக வைக்கப்பெற்ற திருமூலரின் திருமந்திரம் மூவாயிரத்திற்கு மேற்பட்ட பாடல்களை உடையது. அதன் மூன்றாம் தந்திரம் இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் எட்டு உறுப்புகளையும் முறையாக விளக்குகிறது. இவ்வெட்டும் பதஞ்சலியின் யோக சூத்திரத்திலும் உள்ளவை. ஆகவே யோகம் தமிழருக்கு மட்டுமே உரியது என்று உரிமை கொண்டாடுவதும் பிழையாகும். சமணரும் பௌத்தரும்கூடத் தத்தம் நெறியில் தியானத்தைப் போற்றியவர்களே.

எனினும், மொழியியலாளராகிய நம் கருத்தைக் கவர்வது ஒன்றுண்டு. மூச்சை உள்ளிழுக்கும் பூரகத்திற்கு 16, அடக்கி நிறுத்தும் கும்பகத்திற்கு 64, வெளிவிடும் இரேசகத்திற்கு 32 எனத் திருமூலர் அளவு கூறுகிறார். உரையாசிரியர்கள் இவ்வெண்களை மாத்திரைக் கணக்காகக் கொள்வர். மாத்திரை என்பது நாம் இலக்கண வகுப்பில் கற்பிக்கும் அதே அளவுதான்: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கண்ணிமைப் பொழுதும் கைந்நொடிப் பொழுதும் அதற்கு அளவு. தொல்காப்பியத்தின் பிறப்பியலோ, உந்தியிலிருந்து எழும் காற்றே தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் துணையோடு எழுத்தொலியாகிறது என்கிறது. எழுத்தை அளந்த கோலாலேயே மூச்சையும் அளந்திருக்கின்றனர்.

இவ்வரலாற்றில் மலாயாவிற்கும் ஓர் இடமுண்டு. 1887இல் நெல்லைச் சீமையின் பத்தமடையில் பிறந்த குப்புசாமி, தஞ்சையில் மருத்துவம் பயின்று, 1913இல் மலாயாவிற்கு வந்தார். சிரம்பானுக்கு அருகிலிருந்த ரப்பர்த் தோட்ட மருத்துவமனையிலும், பின்னர் ஜொகூரிலும் பணியாற்றினார். 1923இல் அப்பணியைத் துறந்து இந்தியா திரும்பியவர், ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தரானார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். அவருடைய மாணாக்கர் விஷ்ணுதேவானந்தர் 1957இல் மேலைநாடு சென்று யோகம் பரப்பினார். கொங்கு நாட்டில் பிறந்த மற்றொரு மாணாக்கர் சச்சிதானந்தர், 1969இல் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசைவிழாவில் தொடக்கவுரை ஆற்றினார். ‘யோகா’ என்று மேற்கிலிருந்து திரும்பிய சொல்லின் பயணத்தில், நம் தோட்டப்புற மக்களுக்கு மருத்துவம் பார்த்த ஒருவரின் காலடியும் பதிந்துள்ளது.

நம் அனுபவத்தையும் இங்குச் சுருக்கமாகக் கூறலாம். பணி ஓய்வு பெற்றபின் நம் குரல் தளர்ந்தது. நீண்ட தொடரொன்றை ஒரே மூச்சில் படித்து முடிக்க இயலவில்லை, மேடையேறவே தயங்கினோம். அந்நிலையில்தான் குடியிருப்புப் பகுதிச் சமூக மண்டபத்தில் நடந்த பயிற்சியில் சேர்ந்தோம். ‘மூச்சை எண்ணுங்கள் ஐயா’ என்றார், நம் மகள் வயதுடைய ஆசிரியை. ஒன்று, இரண்டு என எண்ண வந்தவர், நம்மையறியாமல் விரலை நொடிக்கலானோம். வாழ்நாளெல்லாம் கரும்பலகையில் எழுதிக் காட்டிய மாத்திரை, அன்றுதான் நம் நெஞ்சுக்குள் ஒலித்தது. சில மாதங்களில் கழுத்துப் பிடிப்பு தளர்ந்தது, உறக்கம் சீரானது, தொடரின் முற்றுப்புள்ளிவரை குரல் துணை நின்றது. அந்த மகிழ்ச்சிக்கு ஈடாக வேறொன்றைச் சொல்லத் தெரியவில்லை.

ஆயினும் யோகம் மருந்துக்கு மாற்றன்று. நாட்பட்ட இடுப்புவலி ஓரளவு தணியவும், உடல் வளையவும், முதுமையில் நிலைதடுமாறாது நிற்கவும் அது உதவும். 64 மாத்திரை மூச்சடக்குவதோ தொடக்கநிலையினர்க்கு உரியதன்று. இரத்த அழுத்தமும் இதயநோயும் உடையோர் மருத்துவரைக் கேட்டே தொடங்குதல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மாத்திரையைக் கற்பிக்கும்போது, மாணவரை நிமிர்ந்து அமரச் செய்து, நான்கு நொடி மூச்சை இழுத்து, நான்கு நொடி மெல்ல விடச் சொல்லுங்கள். பிறகு குறிலையும் நெடிலையும் ஒலிக்கச் சொல்லுங்கள். இலக்கணம் ஏட்டில் மட்டும் இல்லை, தம் மூச்சிலும் உள்ளது என்பதை அவர்களே உணர்வார்கள்.