மேற்செலவு என்னும் வரி: மருத்துவமனைக் கூட்டுறவுகளில் பணம் செல்லும் வழி

செல்வந்த நாட்டு மருத்துவமனை ஒன்றும் வறிய நாட்டு மருத்துவமனை ஒன்றும் செய்துகொள்ளும் புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் சமபங்கு, பரஸ்பர நன்மை ஆகிய சொற்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. பின்னர் வரும் மதிப்பீட்டு அறிக்கைகள் எத்தனை பேர் பயிற்சி பெற்றனர், எத்தனை கட்டுரைகள் வெளிவந்தன என்று எண்ணுகின்றன. ஒப்பந்தத்தோடு இணைத்த வரவு செலவுத் திட்டத்தை, அதிலும் 'நிர்வாக மேற்செலவு' என்ற ஒரு வரியை, ஊன்றி வாசிப்போர் குறைவு. கூட்டுறவில் யார் எசமானர், யார் ஏவலர் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த வரியே என்பது இக்கட்டுரையின் வாதம்.

வாதத்தைச் சோதிக்க, எளிதில் குறை சொல்ல முடியாத ஒரு கூட்டுறவையே எடுத்துக்கொள்வோம். கென்யாவின் மேற்குப் பகுதியில் உள்ள எல்டொரெட் நகரில் மோய் பல்கலைக்கழகம் மருத்துவப் படிப்பைத் தொடங்கவிருந்த காலத்தில், 1989இல், அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி அதனுடன் இணைந்தது. வந்து பார்த்துவிட்டுப் போகும் குழுக்களை நம்பாமல், இண்டியானா ஆசிரியர் ஒருவரேனும் எப்போதும் எல்டொரெட்டில் குடியிருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். மாணவர் பரிமாற்றமும் இருவழியாக நடந்தது. கென்ய மாணவர்களும் இண்டியானாபோலிஸ் சென்று பயின்றார்கள். முதல் பத்தாண்டில் இது கல்விக் கூட்டுறவாகவே இருந்தது. 2000இல் இண்டியானா மருத்துவர் ஜோ மாம்லின் மீண்டும் அங்கே வந்தபோது வார்டுகளில் எய்ட்ஸ் நோயாளிகள் நிரம்பியிருந்தார்கள். மருந்து வாங்கப் பணமில்லை. மறு ஆண்டே ஆம்பாத் என்ற பெயரில் எச்.ஐ.வி. சிகிச்சைத் திட்டம் பிறந்தது. சிகிச்சை முன்னே செல்ல, கல்வியும் ஆய்வும் பின்னே வரும் என்பது அதன் கொள்கை. மருந்து கிடைத்த நோயாளிக்குச் சோறு இல்லை என்று தெரிந்ததும் திட்டமே பண்ணை வைத்து விளைவித்து, உணவையும் மருத்துவச் சீட்டில் எழுதிக் கொடுத்தது. காலப்போக்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் அதில் பதிவானார்கள்.

அறிவு ஒரே திசையில்தான் பாயும் என்ற எண்ணத்தையும் எல்டொரெட் பொய்யாக்கியது. அருகிலுள்ள மோசோரியோட் சுகாதார நிலையத்தில் 2001இல் தொடங்கிய கணினிவழி நோயாளர் பதிவேட்டு அனுபவத்திலிருந்துதான் 2004இல் ஓப்பன்எம்.ஆர்.எஸ். என்ற கட்டற்ற மென்பொருள் உருவாகத் தொடங்கியது. இன்று பல நாடுகளின் மருத்துவமனைகள் அதைப் பயன்படுத்துகின்றன. மின்சாரமும் இணையமும் அடிக்கடி போகும் இடத்தில் வேலை செய்ய வேண்டிய மென்பொருளை இண்டியானாபோலிஸில் உட்கார்ந்துகொண்டு யாரும் கற்பனை செய்திருக்க மாட்டார்கள்.

இத்தனை நல்ல கூட்டுறவிலும் பெரும்பணம் வந்தது அமெரிக்க அரசின் கருவூலத்திலிருந்து: 2004 முதல் பெப்ஃபார் என்ற எய்ட்ஸ் நிவாரணத் திட்டத்திலிருந்தும், ஆய்வுக்குத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களான என்.ஐ.எச். அமைப்பிலிருந்தும். மேற்செலவு என்ற வரி இங்கேதான் வருகிறது. ஆய்வு நிதியில் நேரடிச் செலவு போக, கட்டடம், மின்கட்டணம், கணக்கு அலுவலகம், அறநெறிக் குழு போன்றவற்றுக்காக நிறுவனத்துக்குக் கிடைக்கும் தொகை அது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அரசோடு பேரம் பேசி இவ்விகிதத்தை நிர்ணயித்துக்கொள்கின்றன. பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு அது 50 விழுக்காட்டைத் தாண்டும். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு என்.ஐ.எச். நெடுங்காலமாக வைத்திருக்கும் உச்சவரம்பு 8 விழுக்காடு. அதாவது, 100 டாலர் பெறும் ஆய்வு வேலைக்கு அமெரிக்க நிறுவனம் தன் வீட்டைப் பராமரிக்க 50 டாலருக்கு மேலும் கூடுதலாகப் பெறலாம்; அதே வேலையைச் செய்யும் ஆப்பிரிக்க நிறுவனத்துக்கு 8 டாலர்தான்.

இதன் விளைவு வெறும் தொகைக் குறைவோடு நிற்பதில்லை. கணக்கு அலுவலகம் வலுவாக இல்லாத மருத்துவமனைக்கு நேரடியாக நிதி தர முடியாது என்கிறார்கள் கொடையாளர்கள். நிதி நேரடியாக வராததால் கணக்கு அலுவலகம் வலுப்பெறுவதில்லை. ஆகவே நிதி நெடுங்காலமாக அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வந்து, துணை ஒப்பந்தமாகக் கீழிறங்கி வந்திருக்கிறது. ஆய்வுக் கேள்வியை யார் எழுப்புவது, ஊழியரை யார் நியமிப்பது, திட்டம் முடியும்போது கருவிகள் யாருக்கு என்பனவெல்லாம் அந்தப் படிவரிசையிலேயே முடிவாகிவிடுகின்றன. ஆப்பிரிக்காவில் நடந்த கூட்டு நலவாழ்வு ஆய்வுகளைப் பற்றி 2019இல் வெளியான ஒரு விரிவான கணக்கெடுப்பில், ஆய்வு நடந்த நாட்டைச் சேர்ந்தவர் முதல் ஆசிரியராக இருந்த கட்டுரைகள் பாதிக்குச் சற்றே அதிகம். முன்னணி அமெரிக்கப் பல்கலைக்கழகம் கூட்டாளியாக இருந்தபோது அந்தப் பங்கு வெகுவாகச் சரிந்தது. இதற்குத் தனி மனிதரின் பெருந்தன்மைக் குறைவைக் காரணம் காட்டுவது எளிது. நிதி யார் பெயரில் வருகிறதோ அவரே முதன்மை ஆய்வாளர் என்ற விதி இருக்கும் வரை பெருந்தன்மைக்கு அங்கே அதிக வேலையில்லை.

2025 பிப்ரவரியில் என்.ஐ.எச். தன் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் மேற்செலவை 15 விழுக்காடாகக் குறைப்பதாக அறிவித்தது. ஆய்வகங்கள் மூடப்படும், ஆய்வே நின்றுபோகும் என்று பல்கலைக்கழகங்கள் வழக்குத் தொடுத்தன. நீதிமன்றமும் தடை விதித்தது. பல்கலைக்கழகங்கள் சொன்னது நியாயம்தான். ஆனால் 15 விழுக்காட்டில் பாஸ்டனில் ஓர் ஆய்வகம் நடக்க முடியாது என்றால், 8 விழுக்காட்டில் எல்டொரெட்டிலோ கம்பாலாவிலோ எப்படி நடக்கும் என்ற கேள்வி அந்த வழக்குகளின் மையத்துக்கு வரவில்லை.

வேறு வழி உண்டா? ருவாண்டா ஒரு வழியைக் காட்டியது. 2011இல் ஒரு கோடிக்கும் அதிகமான மக்களுக்கு அந்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் 625 மருத்துவர்களே இருந்தார்கள். 2012இல், அக்னெஸ் பினாக்வாஹோ சுகாதார அமைச்சராக இருந்தபோது, சுமார் 15 கோடி டாலர் மதிப்பில் ஏழாண்டு மனிதவளத் திட்டம் தொடங்கியது. அமெரிக்க அரசின் பணம் ருவாண்டா அமைச்சகத்துக்கே போனது. அமைச்சகம்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் போட்டு ஆசிரியர்களை வரவழைத்தது. அப்பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொண்ட மேற்செலவு 7 விழுக்காடு. அதாவது, வழக்கமான ஏணி தலைகீழானது. திட்டம் குறையற்றது என்று சொல்ல வரவில்லை. அமெரிக்க ஆசிரியருக்கும் ருவாண்டா ஆசிரியருக்கும் இடையே வகுத்த இணைப்பு முறை எல்லாத் துறைகளிலும் ஒரேபோல நடக்கவில்லை. பெப்ஃபார் நிதியும் 2017இல் நின்றது. ஆனால் பணம் நின்றபின் திட்டத்தைச் சுருக்கியேனும் தொடரும் முடிவை எடுக்க அங்கே ஓர் அலுவலகம் இருந்தது.

வரி செலுத்துவோரின் பணத்துக்குக் கணக்கு வேண்டாமா என்பது எதிர்வாதம். வேண்டும். அந்தக் கணக்கை எழுதும் திறனும் மேற்செலவிலிருந்துதான் வளர்கிறது என்பதே என் மறுமொழி.

மருத்துவர்கள் நாட்டை விட்டுப் போவதையும் இதே கண்ணால் பார்க்கலாம். இது புதிய கவலையன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், ஆங்கிலத்தில் கற்ற தம் மாணவர்கள் அரசு வேலை தேடி ஊரை விட்டுப் போவதைக் கண்டு, மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். பயிற்சி பெற்றவர் ஊரில் தங்க வேண்டுமானால் பயிற்சியின் அமைப்பே மாற வேண்டும் என்று அவர் கண்டுகொண்டார். நம் காலத்தில், இதே கவலையால் உலக சுகாதார நிறுவனம் 2010இல் மருத்துவப் பணியாளரை வெளிநாடுகளிலிருந்து ஆட்சேர்ப்பதற்கு நெறிமுறை வகுத்தது. மருத்துவப் பணியாளர் பற்றாக்குறையால் பாதுகாப்புத் தேவைப்படும் நாடுகள் என்று 2023இல் அது வெளியிட்ட 55 நாடுகளின் பட்டியலில் ருவாண்டாவும் உண்டு. ஆகவே பயிற்சி மட்டும் போதாது. பயின்றவருக்கு நிலையான ஊதியம் தரும் நிறுவனம் அங்கே நிற்க வேண்டும். திட்ட நிதியில் வரும் ஊதியம் திட்டத்தோடு போய்விடும்.

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது முப்பத்தைந்து ஆண்டு நட்பும் எல்டொரெட்டின் எச்.ஐ.வி. பணியாளர்களைக் காக்கவில்லை. பலர் வேலையிழந்தார்கள். நட்பில் பழுதில்லை, பணத்தின் வழியில்தான் பழுது. எனவே இத்தகைய கூட்டுறவுகளை மதிப்பிடும் ஆய்வாளர்கள் பயிற்சி பெற்றோர் எண்ணிக்கையோடு நிற்காமல், மேற்செலவு விகிதம் இரு தரப்புக்கும் எவ்வளவு, நிதி யார் பெயரில் வருகிறது என்ற விவரங்களையும் கேட்டு வாங்கி அட்டவணையில் சேர்க்க வேண்டும். அவை இல்லாத மதிப்பீடுகளை ஆய்விதழ்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.