அறிவர் கோயிலின் விதானக் கோலம்

சித்தன்னவாசல் என்றவுடன் தாமரைக் குளமும் தூண்களில் ஆடும் நங்கையருமே நினைவில் எழுகின்றனர். ஓவிய வரலாறு எழுதியோர் பலரும் அவற்றிலேயே நின்றுவிட்டனர். மண்டபத்தைக் கடந்து கருவறைக்குள் புகுந்து, நிமிர்ந்து கூரையை நோக்குவோர் சிலரே. அங்கே, மூன்று திருமேனிகளுக்கு மேலே, விரித்துக் கட்டிய பூந்துகில் போன்றதொரு கோலம் பாறையில் தீட்டப்பட்டுள்ளது. அதில் கதை இல்லை, காட்சி இல்லை. ஒரே அமைப்பு மீண்டும் மீண்டும் வந்து பரப்பை நிறைக்கும் பின்னணிக் கோலம் அது.

சதுரங்களும் வட்டங்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. சதுரங்களில் தாமரை மலர்கிறது. வட்டங்களினுள் கூட்டல் குறி போன்ற வடிவம். அதன் கைகள் நுனியில் குமிழாகத் திரண்டிருக்கின்றன. அக்கைகளின் இடைவெளிகளில் மனித உருவங்களும் சிங்கங்களும் இடம்பெற்றுள்ளன.

இவ்வகைக் கோலத்தின் அருமை அதன் ஓரங்களில் உள்ளது. ஒரு கட்டத்தின் வலப்புறத்தில் அறுபடும் கோடு, அடுத்த கட்டத்தின் இடப்புறத்தில் பிசகின்றித் தொடரவேண்டும். மேலும் கீழும் அவ்வாறே. இன்று கணினித் திரைக்குப் பின்னணி வரைவோரும் இவ்விதிக்கே கட்டுப்படுகின்றனர். அவர்கள் ஒரு கட்டத்தை வரைந்தால் போதும், எஞ்சியதைப் பொறி நிரப்பும். குகையின் ஓவியருக்கு அவ்வசதி ஏது? ஒவ்வொரு கட்டத்தையும் தலைக்கு மேல் கையுயர்த்தியே தீட்டவேண்டும். முதல் வரிசையில் விரற்கடை பிசகினாலும் கடைசி வரிசை சுவரில் சென்று முட்டும்போது அது வெளிப்பட்டுவிடும். புள்ளி வைத்து இழை இழுத்துக் கோலமிடும் பெண்கள் இத்தொல்லையை நன்கறிவர்.

பாறையில் துணியை ஏன் தீட்டவேண்டும்? அருகன் திருமேனிக்கு மேலே விதானம் கட்டுவது மரபு. கட்டிய துணி கிழியும், புகை படியும். தீட்டிய துணி நிலைக்கும். அசந்தாக் குகைகளின் கூரைகளும் கட்டங்களாகப் பகுக்கப்பட்டு, பூவும் கனியும் பறவையுமாக நிறைந்து, விதானத் துணியையே நினைவூட்டுகின்றன. பழந்துணிகள் நம் நாட்டு ஈரக் காற்றில் மட்கிப்போயின. குசராத்திலிருந்து கடல்கடந்து சென்ற அச்சுத் துணிகளின் துண்டுகள், எகிப்தின் புசுத்தாத்து நகரில் வறண்ட மண்ணுக்குள் கிடந்தமையால் மட்டுமே தப்பின. ஆகவே அக்காலத்துத் துணிக்கோலம் எத்தகையது என்று ஆராய்வோர்க்கு இக்கூரைகளும் சான்றாகின்றன.

ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலின் அகமண்டபத்தைப் புதுக்கி முகமண்டபத்தையும் எடுப்பித்தான் என்று அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு தெரிவிக்கிறது. சுண்ணாம்புச் சாந்து பூசிய பரப்பின்மீது வண்ணம் ஏற்றினர். வெண்மைக்குச் சுண்ணாம்பு, கருமைக்குக் கரி, செம்மைக்கும் மஞ்சளுக்கும் காவி மண், பச்சைக்குப் பசுமண் எனப் பெரும்பாலும் மண்ணும் கல்லும் தந்த நிறங்களே அவை.

அந்நிறங்கள் மங்கிவருகின்றன. குளத்தின் ஓவியத்தில் ஒரு மலர் உதிர்ந்தால் உதிர்ந்ததுதான். அங்கு என்ன இருந்தது என்று எவரும் உறுதியாகக் கூறவியலாது. விதானக் கோலமோ அவ்வாறன்று. ஒரு சதுரமும் அதனையடுத்த வட்டமும் தெளிவாக எஞ்சியிருந்தால், அழிந்த பகுதியின் கட்டமைப்பு முழுவதையும் மீட்டு வரைந்துவிடலாம். உள்ளிருக்கும் மனித உருவங்கள் கைவேலை என்பதால் இடத்துக்கிடம் சிறிது வேறுபட்டிருக்கக்கூடும்; அவற்றை ஊகித்து நிரப்புதல் முறையன்று. கோடுகளுக்கு அந்த ஐயமில்லை. பாறையின்மீது தூரிகை வைத்துப் புதுப்பிக்கவும் வேண்டியதில்லை. அளவு பிசகாமல் தாளில் ஒரு படி எடுத்தால் போதும்.

இன்று சினாலயங்களில் கட்டப்படும் மேற்கட்டிகளுக்குக் கடையில் கிடைக்கும் சரிகைத் துணியே பயன்படுகிறது. அந்த ஒரு சதுரத்தையும் வட்டத்தையும் அளவோடு வரைந்து கொடுத்தால், காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ நெய்து தருவதற்குத் தறிகள் உள்ளன. கோடுகள் கண்ணுக்குப் புலப்படும் காலத்திலேயே அந்தப் படியை எடுத்தாகவேண்டும்.